கார் ஷெட் கதவுக்கு பெல் சுவிட்சே போதும்



சிதம்பரத்தில் மகள் வீட்டு கார் ஷெட்டுக்கு மோட்டார் கதவு போட்டார்கள். போர்டில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அதற்கும் லைட் சுவிட்சையே வைத்துவிட்டார் எலக்ட்ரீஷியன். யாரோ அதைப் போட்டு அப்படியே விட, ரிமோட் வேலை செய்யவில்லை. மோட்டார்தான் போச்சென்று பதறினோம். பெல் சுவிட்ச் மாற்றியதும் சரியாயிற்று.

இந்த வகை மோட்டாருக்கு வேண்டியது ஒரு நொடி அமுக்கல்தான். விரலை எடுத்ததும் தொடர்பு விட்டுவிட வேண்டும். லைட் சுவிட்ச் ஆனிலேயே நின்றால், யாரோ அமுக்கிக்கொண்டே இருப்பதாக மோட்டார் எடுத்துக்கொள்ளும். அந்த முனைகளில் 230 வோல்ட் லைனைக் கொடுக்கவே கூடாது. உள்ளிருக்கும் போர்டு எரிந்துவிடும்.

ஆகவே அழகு பார்க்காதீர்கள். கதவு கண்ணில் படுகிற இடத்தில், 5 அடி உயரத்தில், பேரப்பிள்ளைக்கு எட்டாதபடி வையுங்கள். கீழே யாரும் இல்லையென்று பார்த்த பிறகே அமுக்குங்கள். கடலூர் உப்புக்காற்றுக்கு மூடி போட்ட சுவிட்ச் நல்லது. 2011 தானே புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, மறந்துவிட்டதா? கையால் திறக்கும் வழியையும் வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள்.

கதவைவிடப் பிள்ளை பெரிது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்