காதுக்கு விருந்து, கடைக்கு வியாபாரம்

போன வாரம் என் தம்பி மனைவியும் அவள் பெண்ணும் வந்திருந்தார்கள். பெண்ணின் கையில் இரண்டு பொட்டலம் சாம்பார்ப் பொடி. கழுத்தில் சங்கிலியைக் காணோம்.

"மிஷின் வாங்க அடகு வைத்துவிட்டேன், அத்தை. பொடி பிரமாதம் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை. பாட்காஸ்ட் நடத்திப் பார்க்கலாமா?" என்றாள்.

"அது என்னடி கூத்து?" என்றாள் தாயார்.

பயப்பட ஒன்றுமில்லை, சகோதரிகளே! வேண்டிய நேரத்தில் செல்போனில் கேட்கும் வானொலிப் பேச்சுத்தான் அது. காய் நறுக்கும்போது கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கிறது. காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்தக் காதைத் தேடித்தான் வியாபாரி வருகிறான்.

யுக்தி பழையதுதான். 1933-ல் அமெரிக்காவில் புரொக்டர் அண்டு காம்பிள் கம்பெனி, 'ஆக்ஸிடால்' என்ற சலவைத் தூளை விற்பதற்காக 'மா பெர்க்கின்ஸ்' என்ற வானொலித் தொடரை நடத்தியது. மரக்கடை நடத்தும் ஒரு விதவைத் தாயின் கதை அது. 1960 வரை, 27 வருஷமும், வர்ஜீனியா பேன் என்ற ஒரே நடிகைதான் தாயாகப் பேசினார். சோப்புக் கம்பெனிகள் இப்படி ஆதரித்ததால்தான் குடும்பத் தொடர்களுக்கு 'ஸோப் ஆபரா' என்ற பெயரே வந்தது.

2015-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் அதே வழியில் போயிற்று. விண்வெளியிலிருந்து வந்த மர்மச் செய்தியைப் பற்றி 'தி மெஸேஜ்' என்று எட்டுப் பகுதிக் கதையைப் பாட்காஸ்டாக வெளியிட்டது. கேட்டவர்கள் கதைக்காகக் கேட்டார்கள். கம்பெனியின் பெயரும் மனத்தில் தங்கிற்று.

"ஆகையால், முதலில் கேட்கிறவளுக்கு ஏதாவது கொடு" என்றேன். "பொடி ஏன் கட்டி தட்டுகிறது, ஈரக் கரண்டியால் என்ன கெடுதல், வெந்தயம் கருகினால் ஏன் கசக்கிறது... பத்து நிமிஷம் இதைச் சொல். கடைசியில் ஒரு வரியில் உன் பொடியைப் பற்றிச் சொன்னால் போதும்."

தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பக்குவத்தையெல்லாம் சொல்லிவிட்டால் அவரவர் அரைத்துக்கொள்வார்களே, அக்கா! சங்கிலி எப்படித் திரும்பும்?"

நியாயமான கேள்விதான். ஆனால், நேரமுள்ளவள் எப்படியும் வீட்டில்தான் அரைக்கப் போகிறாள். நேரமில்லாதவள் யாரிடம் வாங்குவாள்? ஒளிக்காமல் சொன்னவளிடம்தானே?

"ஒரே மாதத்தில் சங்கிலி திரும்பாது. இதற்கென்று இன்னொரு கடன் வாங்காதே; கையிலுள்ள செல்போனில் தொடங்கு. வாரம் தவறாதே. வாங்க வருகிறவர்களிடம், 'எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' என்று கேட்டுக் குறித்து வை. பேச்சினால் பலன் உண்டா என்பதை அந்தக் கணக்கு சொல்லும். இன்னொருவர் சரக்கைப் பணம் வாங்கிக்கொண்டு புகழ்ந்தால், அதை முதலிலேயே சொல்லிவிடு. நம்பிக்கை போனால் பொடியும் போகாது" என்றேன்.

கேட்கிற நாமும், இனிக்க இனிக்கப் பேசும் குரலுக்குக் கூலி கொடுப்பது யார் என்று ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

அன்று சாயந்திரமே, மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள் பெண். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. கதவு படாரென்று திறந்தது.

"வெந்தயத்தைக் கடைசியில் தனியாக வறுக்க வேண்டும் என்று சொல்லாமல் விட்டுவிட்டாயேடி!" என்று உள்ளே நுழைந்தாள் தாயார்.