ரகசியம் என்று யார் சொன்னது?

ஹூனான் மாகாணம், ஜியாங்யோங். நூஷூ அருங்காட்சியகம் பார்க்கப் போயிருந்தேன். நூஷூ என்றால் பெண்ணெழுத்து. வருகிறவர்களெல்லாம் அதை ‘ரகசிய எழுத்து’ என்று சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். எது ரகசியம்? கல்யாணமாகிப் போனவளுக்கு மூன்றாம் நாள் தோழிகள் துணி அட்டைப் புத்தகம் எழுதி அனுப்பினார்கள். புகுந்த ஊர்ப் பெண்கள் கூடி அதை வாய்விட்டுப் பாடினார்கள். ஆண்கள் காதிலும்தான் விழுந்தது. படிக்கக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு அக்கறை இல்லை, அவ்வளவே. சீன எழுத்தைப் பெண்ணுக்கு எட்டாமல் வைத்தவர்கள், அவள் எழுத்தைச் சீந்தவில்லை. இந்த அலட்சியத்துக்கா ரகசியம் என்று பெயர்? செத்தவளோடு அவளுடைய ஏடுகளும் எரிந்தன, புதைந்தன, மிஞ்சியவை கொஞ்சம். மரபுவழியில் கற்றவர்களில் கடைசியானவராகச் சொல்லப்படும் யாங் ஹுவான்யி 2004இல் இறந்தார். இப்போது அந்த எழுத்தை விசிறியில் எழுதி விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு இன்றும் படிக்கத் தெரியாது. ரகசியமாம்!