மாணவர்க்கு வேண்டும் புவியறிவு

கல்வியின் பயன் பட்டம் பெறுதல் மட்டுமன்று. தாம் வாழும் உலகினைத் தெளிவுற அறிதலே என்பதனை மறுப்பார் இலர். ஆயின், நம் காலடியில் கிடக்கும் நிலத்தைப் பற்றி நம் மாணவர் எவ்வளவு அறிவர்? அவர்க்குக் கற்பிக்கும் நாம் எவ்வளவு அறிவோம்? இவ்வினாக்களை எண்ணிப் பார்க்கும் நிலை சில ஆண்டுகளுக்கு முன் நமக்கு ஏற்பட்டது.

நெய்தல் திணையைப் பாடமாக நடத்திய ஒரு நாள், அரியலூர்ப் பகுதியிலிருந்து வந்து பயிலும் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் நம்மிடம் ஒரு கல்லை நீட்டினார். அவர்தம் தந்தையார் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியின் ஓட்டுநர். கல்லின்மேல் சிப்பியின் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. “ஐயா, எங்கள் ஊரில் கடல் இல்லையே, இந்தச் சிப்பி எப்படி வந்தது?” என்று அவர் வினவினார். பல்லாண்டுகளாக நெய்தலைக் கற்பித்து வந்த நமக்கு விடை தெரியவில்லை. அன்று நாணினோம், பின்னர்த் தேடிப் படித்தோம்.

கல் சொல்லும் வரலாறு

இன்றைக்கு ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. அக்காலத்து உலகம் இன்றையதினும் வெப்பம் மிக்கது, கடல்மட்டமும் உயர்ந்திருந்தது. பாறைகளை மழைநீர் கரைத்தது. கரைந்த சுண்ணத்தை ஆறுகள் கடலிற் சேர்த்தன. அதனைக் கொண்டு கடலுயிர்கள் தம் ஓடுகளைக் கட்டின. அவை மடிந்து, படிந்து, இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயின. பின்னர்க் கடல் விலகிற்று, கல் நின்றது. இவ்வாறு காற்றிலிருந்த கரியமில வாயுவின் ஒரு பகுதி நீரின் வழியாகவும் உயிரின் வழியாகவும் கல்லுக்குள் அடங்கிற்று. பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று நூல்கள் நான்காகப் பிரித்துக் கூறுவன யாவும் அந்த ஒரு கல்லில் ஒன்றாயிருத்தலைக் காண்கிறோம்.

வரலாறு அத்துடன் முடியவில்லை. அக்கல்லே இன்று சிமெண்டு ஆகிறது. சூளையில் வேகும்போது, தூய சுண்ணாம்புக்கல் ஆயிரம் கிலோவிலிருந்து 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளின் புகை இதற்குப் புறம்பானது. இயற்கை நெடுங்காலம் முயன்று பூட்டி வைத்ததை நாம் சில மணி நேரத்தில் திறந்து விடுகிறோம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் இதற்கு முதற்காரணங்கள், சிமெண்டுக்கும் பங்குண்டு. இதனைக் கூறுவது எவரையும் குறை சொல்வதற்காக அன்று. நம் பெரியோர்தம் நன்கொடையால் எழுந்த வகுப்பறைகளும் சிமெண்டால் ஆனவையே. எதனைப் பெறுதற்கு எதனை இழக்கிறோம் என்ற கணக்கினை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

அறியாமையின் விலை

2020ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஏரி மண்ணிலிருந்து உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, அவை டைனோசர் முட்டைகள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. முட்டைகள் அல்ல, பழங்கடலின் படிவங்கள் என நிலவியலார் விளக்க வேண்டியதாயிற்று. இது சிரித்து மறக்கத் தக்கது. மறக்கவொண்ணாத நிகழ்ச்சியும் உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஒரு பெருமழைக்கு ஒரே காரணத்தைக் கூறிவிடுதல் அறிவியல் ஆகாது. எனினும், வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும் என்பது உறுதிப்பட்ட உண்மை. கடலோர ஊர்களில் பிறந்த நம் மாணவர் இதனை அறியாமல் பட்டம் பெறுதல் தகுமோ?

முன்னோர் காட்டிய நெறி

“தமிழ் மாணவர்க்கும் வணிகவியல் மாணவர்க்கும் இஃது எதற்கு?” எனச் சிலர் கேட்கலாம். பதினொன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி வடமொழி கற்று இந்தியாவின் நூல்களை ஆராய்ந்தவர். அவரே இந்நாட்டின் ஆற்றுக் கற்களையும் ஆராய்ந்தார். மலையருகே பெரியனவாகவும், தொலைவிற் சிறியனவாகவும், கடலருகே மணலாகவும் அவை மாறுதலைக் கண்டு, வட இந்தியச் சமவெளி முன்பு கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என்று எழுதினார். மொழிப் புலமை அவர் கண்ணை மறைக்கவில்லை.

அரியலூர்ப் பாறைகளை முதன்முதல் முறையாக வகைப்படுத்திய ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயரின் வாழ்வும் ஈண்டு நினையத் தக்கது. பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான அவர், 1884இல் இமயத்தின் பனிக்கும் இந்தியாவின் மழைக்கும் தொடர்புண்டு என்று எழுதினார். கல்லைப் படித்தவர் மழையையும் படித்தார். இரண்டும் வேறல்ல என்பதே அதன் பொருள்.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மரமும் விலங்கும் தொழிலும் அவற்றைச் சார்ந்தன எனக் கண்டு, மாந்தர் உணர்வினையும் அவற்றோடு பொருத்திக் காட்டியது தொல்காப்பியம். குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் வளங்குன்றுங்கால் பாலையாகும் என்ற கருத்தினைச் சிலப்பதிகாரத்திலும் காண்கிறோம். ஒன்று மாறின் மற்றதும் மாறும் என்னும் இவ்வுண்மையே புவி அறிவியலின் உயிர்நிலை. திணையைத் தேர்வுக்குரிய பட்டியலாகச் சுருக்கிய குறை நம்முடையதே.

செய்யத் தக்கன

1991ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினைத் தொடர்ந்து சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலை மாணவர்க்கும் உரிய பாடமாயிற்று. எனினும் பல இடங்களில் அது மாசுகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் தாளாகவே நின்றுவிட்டது. இன்னொரு தேர்வுத் தாளை நாம் வேண்டவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் எல்லாத் துறை மாணவரும் வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காரைப் பகுதிச் செம்மண் நிலத்தையும் காணட்டும். தத்தம் ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் குறித்து வரட்டும். முன்னர் ஊற்று எங்கிருந்தது, வெள்ளம் எவ்வழி வந்தது என ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். அதனைத் தமிழில் எழுதக் கற்பிக்கும் பொறுப்பினைத் தமிழ்த்துறை ஏற்கட்டும்.

அம்மாணவர் தந்த கல் இன்றும் நம் மேசை மேல் உள்ளது. நெய்தலை நடத்தும்போதெல்லாம் அதனை வகுப்பிற்கு எடுத்துச் செல்கிறோம். கை மாறிக் கை மாறி அது கடைசி வரிசை வரை செல்லும். அடுத்த மாணவர் ஒரு கல்லைக் கொண்டு வந்து கேட்கும்போது, விடை தெரியாது நிற்கும் ஆசிரியராக நம்முள் எவரும் இராதிருக்க முயல்வோமாக.