பள்ளிக்கூட வாசலில் லாப வேட்டை

பள்ளிக்கூட மணி அடித்ததும் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள்? எதிரே இருக்கும் பெட்டிக் கடைக்குத்தான். அங்கே பளபளக்கும் 5 ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. விடியுமுன் நாற்று நடப் போகும் தாயும், முதல் ஷிப்டுக்கு ஆலைக்குப் போகும் தகப்பனும், பிள்ளையின் கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். பாசம் இல்லாமல் அல்ல, பொழுது இல்லாமல். அந்த நாணயத்தைக் குறிவைத்துத்தான் பெருமுதலாளிக் கம்பெனிகள் வலை விரித்திருக்கின்றன.

உருளைக்கிழங்கு விலை ஏறும். எண்ணெய் விலை ஏறும். பொட்டலத்தின் விலை மட்டும் ஏறாது. எடை குறையும், அவ்வளவுதான். கூலிக்காரன் பிள்ளையிடம் அதற்கு மேல் இருக்காது என்பது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். சரி, உள்ளே இருப்பது என்ன? மைதா, பாமாயில், உப்பு, சர்க்கரை, வாசனைச் சரக்கு. 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. அதாவது 6 தேக்கரண்டி! ஒரு டம்ளர் காப்பியில் 6 கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் நாம் குடிப்போமா?

“பெற்றோர் அல்லவா பிள்ளைகளைக் கட்டுப்படுத்த வேண்டும்? கம்பெனியைக் குறை சொல்லி என்ன பயன்?” என்று சில கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். சினிமா நட்சத்திரமும் கிரிக்கெட் வீரரும் கோடிகளை வாங்கிக்கொண்டு தொலைக்காட்சியில் தின்று காட்டுகிறார்கள். பொட்டலத்துக்குள் பொம்மை வைக்கிறார்கள். கைப்பேசியில் பிள்ளை விளையாடும் விளையாட்டுக்கு நடுவிலும் விளம்பரம் பாய்கிறது. விளம்பரம் எது, உண்மை எது என்று பிரித்தறியும் வயதா அது? இந்த விளம்பரங்களின் பிடியிலிருந்து குழந்தைகளைக் காக்க வேண்டும் என்று உலக சுகாதார மாநாடே 2010இல் எல்லா சர்க்கார்களுக்கும் சிபாரிசு செய்தது. கோடிக் கணக்கில் செலவழிக்கும் கம்பெனிக்கு எதிரே வயலில் குனிந்து நிற்கும் தாயைத் தனியாக நிறுத்தி, “நீ ஜெயித்துக்கொள்” என்பது என்ன நியாயம்?

நம் நாட்டுக் குழந்தைகளின் நிலை என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 35 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். நூற்றுக்கு 67 குழந்தைகளுக்கு ரத்த சோகை. இந்த வயிற்றுக்குத்தான் பொட்டலம் போகிறது. பசியை அது அடக்கும். ரத்தத்தை ஊற வைக்காது. காமராஜர் 1956இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவும், பின்னால் வந்த முட்டையும், 2022இல் வந்த காலை உணவும் ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கின்றன. பள்ளிக்குள்ளே சர்க்கார் சுண்டல் கொடுக்க, வாசலிலே கம்பெனி பசியைக் கொல்கிறது! பணக்காரன் வியாதி என்று சொல்லப்பட்ட சர்க்கரை நோய் இன்று சேரியிலும் ஆலைக் குடியிருப்பிலும் குடியேறிவிட்டது. அதற்கு மாத்திரை விற்பவனும் ஒரு முதலாளிதான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. எத்தனை ஊரில் இது தெரியும்? தெரிந்தாலும் அதிகாரி யாரைப் பிடிப்பார்? பெட்டிக் கடைக்காரரை! அவரும் நம்மைப் போல் அன்றாடம் காய்ச்சிதான். விதி அவர் தலையில் மட்டும் விழுந்து, சரக்கு அனுப்பிய கம்பெனி தப்பினால் அது வெறும் கண்துடைப்பு.

பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை போடும் விஷயத்தில் நடக்கும் இழுபறியைப் பாருங்கள். 2022இல் அந்த ஆணையம் நட்சத்திரக் குறி போடலாம் என்று நகல் விதி வெளியிட்டது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை! அதாவது, சர்க்கரை மிகுந்த பிஸ்கட்டில் கொஞ்சம் நார்ச்சத்தைச் சேர்த்தால், கெட்டதை நல்லது ஈடுகட்டி ஓரிரு நட்சத்திரம் கிடைத்துவிடும். நட்சத்திரத்தைப் பார்த்தால் ஏழைத் தாய் என்ன நினைப்பாள்? நல்ல பண்டம் என்றுதானே! 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் சிபாரிசை முடிக்கச் சொன்னது. மூன்று மாதம் போனதும், இன்னும் மூன்று மாதம் அவகாசம் வாங்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கோலாவுக்கு 40 சதவீத வரி போட்ட அதே கை, பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ் வரியை 5 சதவீதமாக இறக்கியது. விலை குறைந்தால் நமக்கு லாபம்தானே என்று நினைக்கத் தோன்றும். பருப்பும் பாலும் முட்டையும் மலிவானால் அல்லவா அது லாபம்!

இதற்கு மாற்று வழி உண்டா? தென் அமெரிக்காவில் சிலி தேசத்தைப் பாருங்கள். சால்வடார் அலெண்டே ஒரு டாக்டர். உழைப்பாளியின் நோய்க்கு வேர் அவனுடைய வறுமையில் இருக்கிறது என்று 1939இலேயே புத்தகம் எழுதியவர். 1970இல் ஜனாதிபதியானதும், குழந்தைகளுக்கு தினம் அரை லிட்டர் பால் என்ற திட்டத்தைத் தொடங்கினார். 1973 செப்டம்பர் 11இல் ராணுவம் அவர் ஆட்சியைக் கவிழ்த்தது. பிறகு பல ஆண்டுகள் சந்தையின் ராஜ்யம். பிள்ளைகள் கோலாவாலும் நொறுக்குத் தீனியாலும் ஊதிப் போனார்கள். கடைசியில் ஜனங்களின் உடல்நலம் கெட்டதைக் கண்டு 2012இல் சட்டம் போட்டார்கள். 2016 ஜூனில் அது அமலுக்கு வந்தது. சர்க்கரை மிகுந்த பண்டத்தின் முகப்பில் “சர்க்கரை அதிகம்” என்று எட்டு மூலைக் கருப்பு முத்திரை. உப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. எழுத்தறியாதவனுக்கும் புரியும். முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளியில் விற்க முடியாது. 14 வயதுக்குட்பட்டோரைக் குறிவைத்து விளம்பரம் செய்ய முடியாது. பொட்டலத்தில் கார்ட்டூன் புலியும் இருக்க முடியாது. புலி எங்கள் சொத்து என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போன வேடிக்கையும் நடந்தது! முதல் ஒன்றரை ஆண்டில் சர்க்கரை பானங்களை வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது.

“ஆலை மூடும், வேலை போகும்” என்று அங்கேயும் மிரட்டினார்கள். இந்த மிரட்டலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். சட்டம் வந்த பிறகு ஆராய்ந்தவர்கள், உணவுத் தொழிலில் வேலையோ கூலியோ குறைந்ததாகக் காணவில்லை.

இன்னொன்று. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்ற அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. நெஸ்லே கம்பெனி இந்தியாவில் விற்ற செரிலாக் குழந்தை உணவில், ஒரு வேளைக்குச் சராசரி 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் அதே கம்பெனி விற்றதில் சேர்த்த சர்க்கரை கிடையாது. வெள்ளைக்காரன் குழந்தைக்கு ஒரு சரக்கு, நம் குழந்தைக்கு ஒரு சரக்கு!

மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டரைச் சங்கிலி பிடித்து அளந்து கோடு போட வேண்டும். அந்தக் கோட்டுக்குள் கம்பெனி விளம்பரப் பலகை இருந்தால் அகற்ற வேண்டும். கடைக்காரர் கடலை மிட்டாயும் சுண்டலும் பழமும் விற்கப் பஞ்சாயத்து உதவ வேண்டும். பொட்டலத்தில் நட்சத்திரம் வேண்டாம், கருப்பு முத்திரை வேண்டும். இந்த நான்கையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். தாய்மார்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.