குவியலும் பொன்னும்

எண்ணூறு கார்கள்! கேட்ட அளவிலே நெஞ்சம் துள்ளும். பி.எஸ்.பி. என்னும் கையடக்கக் கருவிக்கென 2009 அக்டோபரில் வெளிவந்த 'கிராண்ட் டூரிஸ்மோ' பந்தய விளையாட்டு, 800-க்கு மேற்பட்ட கார்களையும் 35 பந்தயப் பாதைகளையும் உள்ளங்கையில் அடக்கித் தந்தது. இராபர்ட்சன்பேட்டையில் விடுமுறை நாட்களில் அதனை முற்றும் ஆடிப் பார்த்தேன். படம் பளிச்சிடுகிறது, வண்டி வழுக்கிக்கொண்டு பாய்கிறது. ஆயினும் மனம் நிறையவில்லை. ஏன்?

1997-இல் வந்த முதல் விளையாட்டில், கையில் சிறு தொகையே இருக்கும். பழைய காரொன்றை வாங்கி, உரிமத் தேர்வுகளில் தேறி, வென்று வென்று படிப்படியாக உயரவேண்டும். கையடக்கப் பதிப்பிலோ அந்த ஏணியே இல்லை! ஓட்டுநர் பயிற்சிகள் உண்டு. தனிப் பந்தயங்கள் உண்டு. எதிர்த்து ஓடுவோர் மூவரே. வென்ற பணத்தில் கார் வாங்கலாம். வாங்கி எங்கே செல்வது?

"கருவி சிறிது, குறையைப் பொறுத்துக்கொள்" என்பர் சிலர். ஒப்பேன். எண்ணூறு கார்களுக்கு இடமிருந்த தட்டில் ஒரு போட்டித் தொடருக்கா இடமில்லை? பெரிய கருவி வாங்க வசதியற்ற மாணவனுக்கு இதுவே முழு விளையாட்டு. அவனுக்கு அரைகுறை போதும் என்பது நேர்மையா?

தங்கவயலார்க்கு இவ்வுண்மை புதிதன்று. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகளோ இன்றும் மலையென நிற்கின்றன. பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண் அது! குவியலைக் காட்டி மயக்குவோரிடம், தோழர்களே, பொன் எங்கே எனக் கேட்போம்!