பிடிஎஃப் என்பது கைக்கணினி இதழன்று

அச்சுக்குப் போகும் பக்கத்தையே பிடிஎஃப் கோப்பாக்கி, அதாவது எழுத்தும் படமும் வைத்த இடத்திலேயே அசையாமல் நிற்கும் மின்னேடாக்கி இணையத்தில் ஏற்றிவிட்டால், டேப் என்று வழங்கும் கைக்கணினிக்கான இதழ் ஆயத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை தமிழ் இதழுலகில் வேரூன்றியிருக்கிறது. புத்தகக் கடையே இல்லாத கல்வராயன் மலையூர்களுக்கும் இனி இதழ் நொடியில் போய்விடும் என்ற பெருமிதமும் அதனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. இரண்டுமே ஆராயாமல் சொல்லப்படுபவை.

ஏ4 தாளின் மூலைவிட்டம் ஏறத்தாழ 14.3 அங்குலம்; பரவலாகப் புழங்கும் கைக்கணினித் திரைகளோ 8 முதல் 11 அங்குலம் வரையானவை. ஆகவே தாளில் 10 பாயிண்ட் (அச்சுத்தொழிலில் எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகு) இருந்த எழுத்து, 10 அங்குலத் திரையில் 7 பாயிண்டாகவும் 8 அங்குலத் திரையில் ஐந்தரைக்குச் சற்று மேலாகவும் சுருங்குகிறது. தலைமேல் வைக்கும் புள்ளியையும் கொம்பின் சுழியையும் நம்பியிருக்கும் தமிழெழுத்து இந்தச் சுருக்கத்தைத் தாங்குவதில்லை. 'கொல்' எது, 'கோல்' எது என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்பார்கள். பெரிதாக்கினால் பத்தியின் ஒரு பாதி திரைக்கு வெளியே போக, வரிக்கு வரி பக்கத்தை இழுத்துத் தள்ளுவதே வாசிப்பாகிவிடுகிறது.

திரையின் அகலத்துக்கேற்பத் தானே மடங்கிக்கொள்ளும் உரையே இதற்கு மாற்று என்றாலும், அதையும் ஆங்கில இதழின் அச்சில் வார்க்க முடியாது. 'கள்ளக்குறிச்சியிலிருந்து' என்பது 13 எழுத்துகள் கொண்ட ஒரே சொல். அச்சில் வரி முடியும் இடத்தில் இத்தகைய சொல்லை இணைகோடு இல்லாமலே முறித்து அடுத்த வரியில் தொடர்வது தமிழ் மரபு. திரையின் மென்பொருளோ பொதுவாகச் சொல்லிடைவெளியில் மட்டுமே வரியை முறிப்பதால், குறுகிய பத்தியை இருபுறமும் சமன்செய்தால் சொற்களுக்கிடையே வெற்றிடம் வாய்பிளக்கிறது. ஒற்றைப் பத்தி, சமன்செய்யாத வலவோரம், தாராளமான வரியிடைவெளி ஆகியவை தமிழுக்காக ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.

கண்ணுக்குத் தெரியாத கேடு குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. உலகப் பொதுவான ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-இல் தரமாக ஏற்ற பிறகும், பழைய குறியாக்க எழுத்துருக்கள் அச்சுப் பக்க வடிவமைப்பிலிருந்து முற்றிலும் விலகிவிடவில்லை. அத்தகைய பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். தமிழ், பார்ப்பவரின் கண்ணில் மட்டுமே இருக்கிறது. அத்தகைய கோப்பில் 'வெள்ளிமலை' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்குக் கிடைப்பது உளறல்.

இனி மலையூர்ப் பெருமிதம். 2010-இல் வெளிவந்த, வயர்டு என்ற அமெரிக்க இதழின் முதல் ஐபேட் பதிப்பு ஏறத்தாழ 500 மெகாபைட் கனத்தது. பக்கங்களை நெடுக்காகவும் கிடையாகவும் படங்களாகவே சேமித்தது அதற்கு முக்கியக் காரணம். கள்ளக்குறிச்சியின் மேற்கே கல்வராயன் மலையில், டவர் கிடைக்க மேடு தேடும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில், நொடிக்கு ஒரு மெகாபிட் வேகம் அறுபடாமல் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், அவ்வளவு கனத்தை இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். இக்கட்டுரையளவு உரை ஒருங்குறியில் 20 கிலோபைட்டைத் தாண்டாது.

வாசகர் பழகிய பக்கத்தை ஏன் கலைக்க வேண்டும் என்ற வாதம் எஞ்சுகிறது. ஆவணக் காப்புக்குப் பக்கத்தை அப்படியே வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் ஓலைச்சுவடியில் புள்ளியும் சொல்லிடைவெளியும் இல்லாமல் ஓடிய தமிழ், தாளில் அச்சேறி நிலைத்தபோது இரண்டையும் பெற்றது. ஓலைக்குப் பழகிய கண்களுக்காக எவரும் தாளை ஓலையகலத்துக்கு நறுக்கி வைத்துக்கொள்ளவில்லை. கைக்கணினியில் மட்டும் 'தொடர்ச்சி 62-ஆம் பக்கம்' என்ற வரி இன்னும் நிற்கிறது. அட்டையையும் உள்ளட்டையையும் சேர்த்து எண்ணும் கோப்பில் 62 என்று தட்டிப் போனால், எதிர்ப்படுவது 60-ஆம் பக்கம்.