துவக்கு வாங்கப் போகும் தம்பிக்கு

எங்களோடு வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருவர் நரி வேட்டைக்குப் போகிறவர். மலிவான, குறி தப்பாத அரைத்தானியங்கித் துவக்கு ஒன்றைப் பற்றி அவர் சொன்னதும், எங்கள் தம்பி ஒருவருக்கும் ஆசை வந்துவிட்டது.

நாம் விசாரித்தோம். இரண்டு தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மகசின் உள்ள அரைத்தானியங்கி இங்கு வேட்டைக்கு ஆகாது. அது சின்ன விசயம். 2008ஆம் ஆண்டின் ஆயுத ஒழுங்குவிதி, 12ஆம் பிரிவு: இலங்கைக் குடியுரிமை உள்ளவர் துவக்கு வாங்கவோ, வைத்திருக்கவோ, சுடவோ தடை. 'சி' அனுமதி இருந்தாலும் இதுதான். வேட்டைக்காரருக்கு மாநில அதிகாரிகள் விதிவிலக்குத் தரலாம்; அந்தக் கடிதம் கையில் வரவேண்டும், பிறகுதான் கடை.

தம்பி அடுத்த வருடம் சுவிஸ் பிரசாவுரிமைக்கு எழுத இருக்கிறார். ஞாயிறு சுட்டுப்பார்க்க வரச்சொல்லி அழைப்பாம். மறித்து வைத்திருக்கிறோம்.